சாயக்காரர் கையும் சஞ்சீவிக் களிம்பும்

(ஆரணியில் நெசவாளர்களும் சாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாமியைப் பற்றியதுமல்ல, சாஸ்திரத்தைப் பற்றியதுமல்ல. உங்கள் கையைப் பற்றியதேயாகும். "கையைப் பற்றிப் பேசவா ஒரு கூட்டம்?" என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சாயப்பட்டறைத் தோழருடைய கையை விளக்கு வெளிச்சத்தில் ஒரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு சிரிக்கட்டும்.

ஆரணி என்றால் வெளியூராருக்கு ஞாபகம் வருவது அரிசியும் பட்டும்தான். ஆரணிப் பட்டுக்கு அரசாங்கத்தார் புவிசார் குறியீடு கொடுத்திருக்கின்றார்கள். புடவையின் நிறத்துக்கும் அழகழகாகப் பெயர் வைத்திருக்கின்றோம். அரக்கு என்கிறோம், மயில் கழுத்து என்கிறோம், மாம்பழம் என்கிறோம். கலியாணப் பெண்ணுக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள் கடையில் பத்துப் புடவையைப் பிரித்துப் போட்டு, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் காட்டி, நிறத்தைச் சோதிக்கின்றார்கள். அந்த நிறத்தை ஏற்றிய கைக்கு இன்று என்ன நிறம் என்று கேட்டவர் ஒருவராவது உண்டா? புடவை சாயம் போனால் சண்டைக்கு வருகின்ற உலகம், சாயக்காரன் கை தோல் உரிந்து போனால் அதைத் தொழிலின் அடையாளம் என்று சொல்லிவிட்டுப் போகின்றது.

நாம் வைத்தியரல்ல. பெரிய படிப்புப் படித்தவருமல்ல. ஆனால் புத்தகத்தைப் புரட்டுவதற்கும், கேள்வி கேட்பதற்கும் எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. நாம் இங்கு சொல்லுவதையும், நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக நீங்கள் நம்பவேண்டியதில்லை. உங்கள் அனுபவத்தோடு ஒத்திட்டுப் பாருங்கள், ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் சாயப்பட்டறையில் நடப்பதைப் பார்ப்போம். பச்சைப் பட்டு நூலின்மேல் ஒருவகைப் பசை இருக்கின்றது. நூலின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வரை அந்தப் பசைதான். அதைப் போக்குவதற்குச் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை வேகவைக்கின்றார்கள். வெளுக்கவேண்டியதாயிருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கின்றார்கள். பிறகு சாயப் பொடியைக் கரைத்து, அமிலம் விட்டு, சூடேற்றி, நூற்கழியைக் கோலில் மாட்டித் தொட்டிக்குள் திருப்பித் திருப்பி விடுகின்றார்கள். நிறம் சரியாக வராவிட்டால் ஹைட்ரோஸ் என்கிற பொடியைப் போட்டு ஏறிய சாயத்தை இறக்கி, மறுபடியும் முதலிலிருந்து ஏற்றுகின்றார்கள். அலசுவதும் பிழிவதும் கை. காரம், அமிலம், சூடு, ஈரம், சாயம் ஆகிய ஐந்தும் மாறி மாறி ஒரே கையின்மேல் காலை முதல் மாலை வரையில் விழுகின்றன. இந்தக் கை வெடிக்காமல் இருந்தால்தான் அதிசயமே தவிர, வெடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால் நம் ஜனங்கள் இதற்குச் சொல்லும் காரணம் என்ன? ஒருவர் தலைவிதி என்கிறார். மற்றொருவர் நாகதோஷம் என்கிறார். தோல் வியாதிக்கு வெல்லம் வாங்கிக் கோயில் குளத்தில் கரைக்கச் சொல்லுகிறார் இன்னொருவர். தோழர்களே! நாகத்துக்குச் சாயக்காரன் பேரில் மாத்திரம் என்ன தனிக் கோபம்? அதே தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரும் அதே நாக்ஷத்திரத்தில் பிறந்து, அதே கோயிலுக்குத்தானே போகிறார்? அவர் கை ஏன் பூப்போல இருக்கின்றது? நோய் நட்சத்திரத்தைப் பார்த்து வராமல் தொட்டியைப் பார்த்து வருகின்றதென்றால், காரணம் தொட்டியில் இருக்கின்றதா, வானத்தில் இருக்கின்றதா? குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் குளத்துக்குத்தான் கேடு. கைக்கு அதனால் கடுகளவும் பிரயோஜனமில்லை.

இத்தாலி தேசத்தில் ராமசீனி என்று ஒரு வைத்தியர் இருந்தார். அவர் 1700-ஆம் வருஷத்தில் தொழிலாளர்களுக்கு வரும் வியாதிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வைத்தியர் நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது அவருடைய முக்கியமான யோசனை. 300 வருஷங்களுக்கு முன்னால் அங்கே தொழிலைக் கேட்டார்கள். இங்கே இன்னும் ராசியைக் கேட்கிறார்கள், கோத்திரத்தைக் கேட்கிறார்கள். கேள்வி தப்பாயிருந்தால் பதில் எப்படிச் சரியாயிருக்கும்?

சரியான கேள்வியைக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லுவோம். 1856-இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்ற 18 வயதுப் பிள்ளை நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த சரக்கைக்கொண்டு முதல் செயற்கைச் சாயத்தைச் செய்தார். அதன்பின் சாயத் தொழிற்சாலைகள் ஐரோப்பாவில் பெருகின. 1895-இல் ஜெர்மனியில் ரேன் என்ற சத்திர வைத்தியர், ஒரே வகைச் சாயம் செய்யும் வேலையாட்களில் சிலருக்கு மூத்திரப்பையில் புற்று வந்திருப்பதைக் கண்டு, அதற்குத் தொழிலே காரணம் என்று எடுத்துக்காட்டினார். அவர் அன்று கேட்ட கேள்வியால்தான் பிற்காலத்தில் பல தேசங்களில் பல சாயச் சரக்குகள் தடுக்கப்பட்டன. நமது இந்திய அரசாங்கமும் 1997-இல், புற்று உண்டாக்கும் பொருளை வெளிவிடக்கூடிய 70 அசோ சாயங்களைக் கையாளக் கூடாதென்று தடை செய்தது. இந்தத் தடை எந்த யாகத்தினாலும் வரவில்லை. எண்ணிப் பார்த்த மனிதனால் வந்தது.

இனி, தோலுக்கு என்ன நேருகின்றது என்று பார்ப்போம். நமது தோலின் மேற்புறத்தில் உயிரற்ற செல்கள் செங்கல் அடுக்கினதுபோல் அடுக்கியிருக்கின்றன. அந்தச் செங்கல்களுக்கு நடுவில் கொழுப்புப் பொருள் சாந்துபோல் பூசியிருக்கின்றது. இதுவே உடம்புக்கு மதில். சோடாவும் சோப்பும் வெந்நீரும் சேர்ந்து அந்தச் சாந்தைக் கரைத்துவிடுகின்றன. சாந்து போன மதிலில் ஓட்டை விழுகின்றது. ஓட்டை வழியாக உள்ளே இருக்கவேண்டிய ஈரம் வெளியே போகின்றது. வெளியே இருக்கவேண்டிய அமிலமும் சாயமும் உள்ளே போகின்றன. உடம்பு அதை எதிர்க்கின்றது. அந்த எதிர்ப்புத்தான் சிவப்பு, அரிப்பு, எரிச்சல், வீக்கம், நீர்க்கொப்புளம், வெடிப்பு எல்லாம். இதைத்தான் தோல் அழற்சி என்கிறார்கள். நம் பாட்டிமார் பொதுவாகக் கரப்பான் என்றார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. அவற்றைப் பிரித்தறிவது மிகவும் அவசியம். ஒன்று, காரமும் அமிலமும் தோலை நேராக அரிப்பதால் வருவது. இது யாருக்கும் வரும். நாள் ஆக ஆக அதிகமாகும். வேலையை நாலு நாள் நிறுத்தினால் தணியும். மற்றொன்று, ஒவ்வாமையால் வருவது. இது எல்லோருக்கும் வராது. ஆனால் ஒருவர் உடம்பு ஒரு சரக்கை ஒரு தரம் விரோதி என்று குறித்துக்கொண்டுவிட்டால், பிறகு அதே சரக்கு இம்மியளவு பட்டாலும் படை எடுத்துவிடும். பத்து வருஷம் ஒன்றும் செய்யாத சாயம் பதினோராவது வருஷத்தில் திடீரென்று கையைப் புண்ணாக்குவதும் உண்டு. அப்போது நம்மவர் உடனே, "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று மந்திரவாதி வீட்டுக்கு ஓடுகிறார்கள். செய்வினையுமில்லை, பில்லியுமில்லை. உடம்பின் ஞாபகசக்தி அது.

எந்தச் சரக்கு ஒவ்வவில்லை என்று கண்டுபிடிக்கவும் வழியிருக்கின்றது. சந்தேகப்பட்ட சரக்குகளை அளவோடு சிறு சிறு பட்டையில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, பிறகும் ஓரிரு நாள் கழித்துப் பார்க்கின்றார்கள். சிவந்து தடித்த இடத்தில் இருந்த சரக்குத்தான் குற்றவாளி. ஜடாசோன் என்பவர் 1895-இல் எடுத்துக்காட்டிய முறை இது. வேலூரிலும் திருவண்ணாமலையிலும் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அங்கே தோல் வைத்தியரைப் பார்க்கப் போகிறவர்கள், பட்டறையில் உபயோகிக்கும் சரக்குகளின் பெயரை எழுதிக்கொண்டு போகவேண்டும். பெயர் தெரியாவிட்டால் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டையாவது காட்டவேண்டும். நாம் கையாளும் சரக்கின் பெயர் நமக்கே தெரியாமல் இருப்பது வெட்கக்கேடு அல்லவா? சாமி பெயர் ஆயிரம் தெரிந்த நமக்குச் சரக்கின் பெயர் நாலு தெரியக்கூடாதா?

நிற்க, இப்போது களிம்பு விஷயத்துக்கு வருகின்றோம். கை எரிகிறவனைத் தேடிக்கொண்டு இரண்டுவகை வியாபாரிகள் வருகிறார்கள். ஒருவர் "மூலிகை" என்ற பழைய மந்திரத்தோடு வருகிறார். மற்றொருவர் "நானோ" என்ற புது மந்திரத்தோடு வருகிறார். இருவரும், "வேலைக்குப் போகுமுன் தடவிக்கொள், எந்த ரசாயனமும் உன்னை ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். நாம் மூலிகைக்கும் விரோதியல்ல, நானோவுக்கும் விரோதியல்ல. மந்திரத்துக்கு மாத்திரமே விரோதி.

மூலிகைக்காரரை முதலில் எடுத்துக்கொள்ளுவோம். "இது இயற்கை, இது ரிஷிகள் சொன்னது, ஆகையால் கெடுதல் செய்யாது" என்பது அவருடைய வாதம். இயற்கையானதெல்லாம் கெடுதல் செய்யாதென்றால் சேங்கொட்டை இயற்கைதானே? வண்ணார் துணிக்குக் குறிபோட உபயோகித்த அந்தக் கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்துபோவது யாருக்குத் தெரியாது? முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரலை அரிக்கும் எண்ணெய் எந்தக் கம்பெனியில் செய்தது? வயல் வரப்பெல்லாம் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியச் செடியின் தூசி பட்டு, முகமும் கழுத்தும் தடித்துப்போனவர்கள் கிராமங்களில் எத்தனை பேர்? அதுவும் செடிதான், அதுவும் இயற்கைதான். வேம்பும் மஞ்சளும் சோற்றுக்கற்றாழையும்கூடச் சிலருக்கு ஒவ்வாமல் போவதுண்டு.

நெற்றிக்கு மங்கலம் என்று சொல்லும் குங்குமத்தைப் பாருங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்தது போய், செயற்கைச் சாயம் கலந்து விற்கும் குங்குமத்தால் நெற்றியில் அரிப்பும் கருமையும் உண்டாவதைத் தோல் வைத்தியர்கள் எழுதியிருக்கின்றார்கள். மங்கலம் என்ற பெயர் இருந்ததனால் தோல் அதற்குச் சலுகை காட்டிற்றா? தோலுக்குப் பக்தி கிடையாது. அதற்குத் தெரிந்தது பொருள் ஒன்றுதான்.

அப்படியானால் மூலிகையில் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் நாம் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸ் தேசத்தில், வறண்டு அரிக்கும் தோலுடைய 117 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆட்டிய தேங்காய் எண்ணெயும் மற்றொரு பிரிவுக்கு மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த சுத்திசெய்த கனிம எண்ணெயும் தடவி ஒப்பிட்டார்கள். தேங்காய் எண்ணெய்ப் பிரிவுக்கு அதிகக் குணம் கண்டதாக 2014-இல் வெளியிட்டார்கள். இது சாயக்காரர் கையில் செய்த சோதனையல்ல. ஆகையால் இதைக்கொண்டு சாயத்தைத் தடுக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சோதனை என்றால் எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு இது உதாரணம். இரண்டு பிரிவு, ஒரே காலம், இரண்டுக்கும் ஒரே அளவுகோல். ரிஷி சொன்னார், தாத்தா சொன்னார் என்பது சோதனையாகாது. எண்ணெய் தடவிய கைக்கும் தடவாத கைக்கும் வித்தியாசம் என்ன என்று கணக்கெடுத்தால் அதுதான் சோதனை.

மூலிகைக் களிம்பில் மற்றோர் ஆபத்தும் இருக்கின்றது. தடவிய இரண்டு நாளில் மந்திரம் போட்டதுபோல் அரிப்பு நின்றுவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். லண்டனில் தோல் வியாதிக்காகக் கொடுக்கப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்ததில், 8 களிம்புகளில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இருந்தது என்று 1999-இல் வெளியாயிற்று. மூலிகைக்குக் கிடைத்த கீர்த்தி உண்மையில் யாருக்குச் சேரவேண்டியது, பார்த்தீர்களா? ஸ்டீராய்டு மருந்து வைத்தியர் சொன்னபடி, சொன்ன நாளுக்கு மாத்திரம் தடவினால் நல்ல மருந்து. வருஷக்கணக்கில் தடவினால் தோல் காகிதம்போல் மெலிந்துபோகும். மெலிந்த தோலோடு மறுபடி சாயத்தொட்டியில் கையை விட்டால் கதி என்ன? இந்தியாவிலும் இந்த மருந்துகளைக் கடையில் கேட்டவருக்கெல்லாம் விற்கின்ற கேட்டைக் கண்டுதான், பல ஸ்டீராய்டுக் களிம்புகளை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று 2018-இல் விதி செய்தார்கள்.

இனி நானோக்காரருக்கு வருவோம். நானோ என்பது ஓர் அளவின் பெயர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமயிரின் கனமே பல பதினாயிரம் நானோமீட்டர். அவ்வளவு சிறிய துகள்களாகப் பொருளைப் பொடி செய்தால் அதன் மேற்பரப்பு மிகவும் பெருகுகின்றது. ஒரு பூசணிக்காயின் தோலைவிட, அதே எடையுள்ள கடுகுகளின் தோல் எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். மேற்பரப்பு பெருகினால் மற்றப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் சக்தியும் பெருகுகின்றது. இதில் மாயம் ஒன்றுமில்லை.

இந்தச் சக்தியை உபயோகித்துச் செய்த ஒரு நல்ல வேலையைச் சொல்லுகின்றோம். நிக்கல் என்ற உலோகம் பலருக்கு ஒவ்வாது. கவரிங் நகை போட்ட காதும் கழுத்தும் புண்ணாவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பிரவீண்குமார் வேமுலா என்பவரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து 2011-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கால்சியம் கார்பனேட், கால்சியம் பாஸ்பேட் என்ற சுண்ணாம்புச் சத்துப் பொருள்களின் நானோத் துகள்களைக் கிளிசரினில் கலந்து, பன்றித் தோலின்மேலும் எலியின் தோலின்மேலும் பூசினார்கள். அந்தத் துகள்கள் நிக்கலைத் தோலுக்கு வெளியிலேயே பிடித்துவைத்துக்கொண்டன. தண்ணீர் விட்டுக் கழுவினவுடன் நிக்கலோடு சேர்ந்து போய்விட்டன. சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்துவிட்டு நிக்கலை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேமுலா பிறகு பெங்களூரிலுள்ள இன்ஸ்டெம் என்ற அரசாங்க ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். அங்கே பூச்சிமருந்து தெளிக்கும் விவசாயிகளுக்காக ஒரு பசைக்களிம்பைச் செய்தார்கள். அது பூச்சிமருந்தை மறிப்பதோடு நில்லாமல், தோலின் மேலேயே அதைச் சிதைத்துவிடும்படி செய்யப்பட்டது. எலிகளில் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். அதே வழியில் துணியையே பூச்சிமருந்தைச் சிதைக்கும்படி செய்து, "கிஸான் கவச்" என்ற உடுப்பு 2024 டிசம்பரில் வெளியிடப்பட்டது. விலை 4,000 ரூபாய் என்று சொன்னார்கள். களிம்பில் ஆரம்பித்தவர்கள் உடுப்புக்கு வந்து சேர்ந்ததைக் கவனியுங்கள்.

தோழர்களே! இவர்கள் மூலிகை வியாபாரியைப்போல் "எந்த ரசாயனமும் ஒன்றும் செய்யாது" என்று சொன்னார்களா? இல்லை. இன்ன விஷத்துக்கு, இன்ன பொருளால், இன்ன விதமாய், இன்ன பிராணியில், இவ்வளவு தூரம் பலித்தது என்று கணக்கோடு சொன்னார்கள். நிக்கலுக்குச் செய்தது பூச்சிமருந்துக்கு ஆகாது; பூச்சிமருந்துக்குச் செய்தது நிக்கலுக்கு ஆகாது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. நிக்கல் கரைந்தால் நேர்மின்னூட்டம் உடையதாயிருக்கின்றது. அதைத்தான் அந்தத் துகள் பண்டமாற்றில் பிடிக்கின்றது. பட்டுக்குப் போடும் அமிலச் சாயங்கள் கரைந்தால் எதிர்மின்னூட்டம் உடையவை. ஆகவே நிக்கல் களிம்பைத் தடவிக்கொண்டு சாயத்தொட்டியில் கையை விட்டால் அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை. சோடாவின் காரத்துக்கும் ஹைட்ரோஸுக்கும் கொதிநீரின் சூட்டுக்கும் அந்தத் துகள் என்ன செய்யும்? "நானோ" என்று டப்பாவில் அச்சடித்திருப்பவர் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

மற்றொன்று. நன்றாயிருக்கும் தோலின் மேல் தங்கி நிற்கும் துகள், வெடித்துப் புண்ணான தோலிலும் அப்படியே மேலே தங்கி நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாகாது. அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில், அழகுப் பூச்சுகளில் நானோத் துகள் இருந்தால் சேர்மானப் பட்டியலில் அந்தப் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் "நானோ" என்று போடவேண்டும் என்பது 2013 முதல் சட்டம். அங்கே வாங்குகிறவன் தெரிந்துகொள்வதற்காகப் போடுகிறார்கள். இங்கே வாங்குகிறவன் மயங்குவதற்காகப் போடுகிறார்கள். எழுத்து ஒன்றுதான், யோக்கியதை வேறு.

அப்படியானால் களிம்பால் பிரயோஜனமே கிடையாதா என்று கேட்பீர்கள். அதற்கும் கணக்கோடு பதில் இருக்கின்றது. தொழிலால் கையில் வரும் அழற்சியைத் தடுப்பது பற்றி உலகத்தில் நடந்த நல்ல சோதனைகளைத் திரட்டி, காக்ரேன் என்ற சங்கத்தார் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 9 சோதனைகள்; 2,888 தொழிலாளர்கள். வேலைக்கு முன் தடவும் தடுப்புக் களிம்பு மாத்திரம் தடவினால் மிகச் சொற்பப் பலனே இருக்கலாம் என்றும், தோலின் ஈரத்தைக் காக்கும் எண்ணெய்ப்பசையுள்ள பூச்சுகளைத் தடவிவந்தால் குறிப்பிடத்தக்க பலன் இருக்கலாம் என்றும், ஆனால் இந்தச் சாட்சியங்கள் உறுதியானவையல்ல என்றும் சொன்னார்கள். "இருக்கலாம்" என்றார்கள், "இருக்கும்" என்று சொல்லவில்லை. தெரிந்த அளவுக்குமேல் சொல்லாததுதான் அறிவுக்கு அடையாளம்.

ஆகவே களிம்பு கடைசிப் பேச்சு. முதல் பேச்சு வேறு. பாம்பு இருக்கும் பானைக்குள் கையை விடுகிறவனுக்கு விஷமுறிவு மருந்து கொடுப்பது நல்லதா, கையை விடாமல் ஒரு குச்சியைக் கொடுப்பது நல்லதா?

முதலாவது, சரக்கு. ஒவ்வாத சாயத்துக்குப் பதில் வேறு சாயம் உண்டா என்று பார்க்கவேண்டும். பொடியாயிருந்தால் பறக்காமல் மெல்லக் கரைக்கவேண்டும். மூக்கையும் மூடிக்கொள்ளவேண்டும், சில சாயப் பொடிகள் இளைப்பையும் உண்டாக்கும். இரண்டாவது, கருவி. கழியைத் திருப்ப நீண்ட கோல், எடுக்கக் கொக்கி, பிழிய ஒரு சாதனம். மூன்றாவது, முழங்கை வரையில் வரும் ரப்பர் கையுறை. வியர்வைக்கு உள்ளே ஒரு பருத்தி உறை. கிழிந்த கையுறை, கையுறை இல்லாததைவிடக் கெடுதி. உள்ளே புகுந்த சாயம் வெளியே போக வழியில்லாமல் கையை ஊறவைக்கும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிய கையில் சாதாரண ரப்பர் உறையைப் போட்டால் ரப்பர் இளகிக் கெட்டுப்போகும். ஆகையால் எண்ணெயை வேலை முடிந்தபின் தடவுங்கள். நைட்ரைல் என்ற உறை எண்ணெயைத் தாங்கும். ரப்பரே ஒவ்வாதவர்களுக்கும் அதுவே நல்லது.

நாலாவது, கழுவுவது. கையில் ஏறிய கறையைப் போக்குவதற்காகச் சிலர் ஹைட்ரோஸிலும் பிளீச்சிங் பொடியிலும் கையைக் கழுவுகிறார்கள். இது திருடனைத் துரத்த வீட்டைக் கொளுத்துவதற்குச் சமானம். கறை சில நாளில் தானாகப் போகும். போன தோல் அவ்வளவு சீக்கிரம் வராது. குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் அலம்பி, மெதுவான சோப்பைப் போட்டு, விரல் இடுக்கு உலரத் துடையுங்கள். ஐந்தாவதாக இரவில் எண்ணெயோ வாசலினோ தாராளமாகத் தடவுங்கள். வாசனையில்லாத மலிவான சரக்கே போதும். நீர் கோத்து, சீழ் வைத்து, வெடித்து இரத்தம் கசிந்தால் எந்தக் களிம்பையும் நம்பாமல் வைத்தியரிடம் போங்கள்.

இதற்கு இரண்டு ஆட்சேபணைகள் வரும் என்று நமக்குத் தெரியும். "கையுறை போட்டால் நூலின் பதம் தெரியாதே" என்பது ஒன்று. பதம் பார்ப்பது ஒரு நாளில் எத்தனை தடவை? பதம் பார்க்கும்போது கழற்றிப் பார்த்துவிட்டு, அலம்பித் துடைத்து மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். மற்றொன்று, "கையுறை கேட்டால் முதலாளி நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாரே" என்பது. உண்மையான பயம் இதுதான். இதற்கு எந்தக் களிம்பும் மருந்தல்ல.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே, ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சி, அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டிய தொழில் வியாதிகளில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் தொழிற்சாலை என்றால் எது? இயந்திர சக்தியிருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடம் என்றது அந்தச் சட்டம். 2020-இல் நிறைவேறிய புதுச் சட்டத்தொகுப்பு அந்த எண்களை 20 என்றும் 40 என்றும் உயர்த்திற்று. நாலு பேரும் ஆறு பேரும் வேலை செய்கின்ற சாயப்பட்டறை இந்தக் கணக்கில் எங்கே வரும்? சட்டத்தின் கண்ணுக்கு அந்தக் கைகள் தெரிவதேயில்லை. நொய்யல் ஆறு கெட்டது என்று 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நியாயமான உத்தரவுதான். ஆனால் ஆற்றையே கெடுக்கக்கூடிய தண்ணீர், அதிலேயே பகல் முழுவதும் கிடக்கும் கையை என்ன செய்யும் என்று நாம் கேட்கவேண்டாமா?

ஆகையால் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் களிம்பு டப்பா வாங்குவதைவிட, தெருவிலுள்ள சாயத் தொழிலாளர் எல்லோரும் சேர்ந்து போய்க் கையுறையும் கோலும் சுத்தமான தண்ணீரும் கேட்பது மேல். ஒருவன் கேட்டால் போ என்பார்கள். எல்லோரும் கேட்டால் யோசிப்பார்கள். பட்டறைக்காரரும் யோசிக்கட்டும். கை புண்ணானவன் வேலைக்கு வராத நாளின் நஷ்டம் கையுறையின் விலையைவிடக் குறைவா? ஆயுத பூஜை அன்று தறிக்கும் தொட்டிக்கும் பொட்டு வைக்கிறீர்களே, தொழிலுக்கு முதல் ஆயுதமான கைக்கு வருஷத்தில் நாலு ஜோடி உறை வாங்கிக் கொடுக்கக்கூடாதா? வாங்கிக் கொடுக்காமல், "இந்தக் களிம்பைத் தடவிக்கொள்" என்று ஒரு டப்பாவை நீட்டினால், அதைப் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளாதீர்கள். அது உறைக்குப் பதிலல்ல என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, களிம்பு விற்பவர் யார் வந்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள். இதில் என்னென்ன சேர்ந்திருக்கின்றது? எங்கள் தொட்டியிலுள்ள எந்தச் சரக்கைத் தடுக்கும்? எந்த விதமாய்த் தடுக்கும்? மனிதர் கையில் சோதித்தீர்களா, தடவாத கையோடு ஒப்பிட்டீர்களா? யாருக்காவது ஒவ்வாமல் போனதா? ஐந்துக்கும் பதில் சொன்னால், மூலிகையானாலும் சரி, நானோவானாலும் சரி, வாங்கிப் பாருங்கள். "நம்பிக்கையோடு தடவுங்கள்" என்று பதில் வந்தால் கோயிலுக்குப் போகச் சொல்லுங்கள். நம்பிக்கைக்கு விலை வைத்து விற்கும் கடை அங்கே ஏற்கெனவே இருக்கின்றது.

தோழர்களே! நமக்கு நிலமில்லை, பணமில்லை, பதவியில்லை. நம்மிடம் இருப்பது இரண்டு கையும் ஒரு மூளையும்தான். மூளையைப் பிறரிடம் ஒப்படைத்தவனுக்குக் கையும் மிஞ்சாது. ஆகையால் நாளைக் காலையில் பட்டறைக்குப் போனவுடன் டப்பாக்களின் மேல் எழுதியிருக்கும் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, எங்கள் பேச்சை முடித்துக்கொள்ளுகின்றோம்.